தூ ஆறு பிறக்கும் குளிர்ப் பள்ளம்

நான் வசிக்கும் பெசான்சோன் நகரத்தின் பழைய பகுதியைத் தூ என்ற ஆறு ஏறத்தாழ முழு வட்டமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. பிரெஞ்சில் அந்தப் பெயரை எழுத ஐந்து எழுத்துகள் வேண்டும். வாயில் வருவதோ ஒரே அசைதான், கடைசி இரண்டு எழுத்துகளும் ஒலிப்பதே இல்லை. பல ஆண்டுகளாக அந்த ஆற்றைப் பாலத்தில் கடந்து வேலைக்குப் போய்வந்த எனக்கு, அது எங்கே பிறக்கிறது என்று பார்க்கும் எண்ணம் மிகத் தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது அது ஜனவரி மாதம். இவ்வளவு குளிரில் அங்கேயா போகிறீர்கள் என்று அலுவலகத்தில் கேட்டவர்கள் அனைவரும் ஓர் ஊரின் பெயரையும் ஓர் எண்ணையும் சேர்த்தே சொன்னார்கள். ஊர் மூத். எண் −36.7.

மூத் என்பது கிழக்குப் பிரான்சின் ஜூரா மலைத்தொடரில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி, தூ ஆற்றின் பெயரையே தாங்கிய மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய கொம்யூன். கொம்யூன் என்பதை நம் ஊராட்சிக்கு இணையாகச் சொல்லலாம்; ஆனால் பிரான்சில் பாரிஸ் மாநகரமும் ஒரு கொம்யூன், நூறு பேர் வாழும் மலைக்கிராமமும் ஒரு கொம்யூன், இரண்டுக்கும் மேயர் உண்டு. நாட்டில் இப்படி ஏறத்தாழ 35,000 உள்ளன. மூத்தின் மக்கள்தொகை ஆயிரம் அளவில் இருக்கிறது. சட்டப்படி 500 முதல் 1,499 பேர் வரை வாழும் கொம்யூனுக்கு 15 பேர் கொண்ட மன்றம் என்பதால், இந்தப் பள்ளத்தாக்கின் உள்ளூர் விவகாரங்களைப் பதினைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 935 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் 2,000 மீட்டருக்கு மேலேயும் மக்கள் குடியிருக்கும் ஊர்கள் உள்ள ஒரு நாட்டில் இது பெரிய உயரமே இல்லை. எனவே, உயரத்தை மட்டும் வைத்து இந்த ஊரைப் புரிந்துகொள்ள முயன்றால் ஒன்றும் பிடிபடாது. பார்க்க வேண்டியது நிலத்தின் வடிவத்தை. ஜூரா மலை, ஆல்ப்ஸ் எழுந்தபோது பக்கவாட்டில் நெருக்கப்பட்டு மடிந்த சுண்ணாம்புப் பாறைகளால் ஆனது. கம்பளத்தை ஒரு பக்கத்திலிருந்து தள்ளினால் விழும் மடிப்புகளைப் போல, நீண்ட மேடும் நீண்ட பள்ளமும் ஒன்றுக்கொன்று இணையாக, தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகின்றன. அவற்றுள் ஒரு பள்ளத்தில் மூத் அமர்ந்திருக்கிறது. கடைசிப் பனியுகத்தில் பனிக்கட்டி இந்தப் பள்ளங்களை நிரப்பி, உருகிப் போனபின் வண்டலையும் நீர் வடியாத சதுப்புகளையும் விட்டுச் சென்றது. பள்ளத்தாக்கின் தரை தட்டையாகவும் ஈரமாகவும் இருப்பதற்கும், அங்கங்கே கரிச்சேற்று நிலங்கள் கிடப்பதற்கும் அதுவே காரணம். இரு புறமும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக்காடு சுவர் போல எழுகிறது.

தூ ஆறு பிறக்கும் ஊற்றைப் பார்க்க மூத் ஊரிலிருந்து நடந்தே போய்விடலாம். காட்டின் அடியில், ஒரு பாறைக்குக் கீழே, ஆள் குனிந்து பார்க்கும் அளவுக்கு ஒரு குகை வாய். அதிலிருந்து தண்ணீர் ஆரவாரம் இல்லாமல் வெளியே வருகிறது. நான் போன நாளில் கரையெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்க, நீரின் மேல் மட்டும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. நிலத்தடியிலிருந்து வரும் நீர் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில், உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருக்கும். வெளிக்காற்று அதைவிடப் பதினைந்து இருபது டிகிரி குளிர்ந்திருந்ததால், கையுறையைக் கழற்றி விரலை நனைத்தபோது அந்த நீர் வெதுவெதுப்பாகவே பட்டது. விரலை வெளியே எடுத்த அடுத்த நொடியே அந்த மயக்கம் தெளிந்துவிட்டது.

இங்கிருந்து கிளம்பும் ஆறு 453 கிலோமீட்டர் ஓடி, வெர்தன் என்ற சிற்றூரில் சோன் ஆற்றில் கலக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் ஊற்றுக்கும் அந்தச் சங்கமத்துக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர்தான். முதலில் வடகிழக்காகப் போய், சிறிது தூரம் சுவிட்சர்லாந்துக்கு எல்லைக்கோடாக நின்று, அந்த நாட்டுக்குள்ளும் ஒரு முறை நுழைந்து திரும்பி, பிறகு வந்த திசைக்கே எதிராகத் தென்மேற்கில் இறங்கிப் பெசான்சோனுக்கு வருகிறது. மலை மடிப்புகள் விட்ட வழியில்தான் அது போக முடியும் என்பதால் இந்தச் சுற்று.

போகும் வழியில் நீரை இழக்கவும் செய்கிறது. சுண்ணாம்புப் பாறை நீரில் கரையும். காலப்போக்கில் உள்ளே பிளவுகளும் குகைகளும் உண்டாகி, மேலே ஓடும் ஆறு தன் படுகையின் வழியாகவே கீழே வடியும். தூ ஆறு இப்படி வடிகிறது என்று ஊரறிய வெளிப்பட்டது ஒரு தீ விபத்தால். 1901 ஆகஸ்ட் 11 அன்று மூத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் பொந்தார்லியே நகரத்தில், பெர்னோ நிறுவனத்தின், சோம்பு மணம் கொண்ட அப்சிந்த் என்ற மதுபானத்தைத் தயாரிக்கும் ஆலையில் மின்னல் தாக்கித் தீப்பிடித்தது. வெடித்துவிடாமல் இருப்பதற்காகத் தொட்டிகளில் இருந்த மதுவைத் திறந்துவிட்டார்கள். அது தூ ஆற்றில் கலந்தது. இரண்டு நாள் கழித்து, மலைக்கு அப்பால், வேறு ஓர் ஆறு என்று எல்லோரும் எண்ணியிருந்த லூ ஆற்றின் ஊற்றில் சோம்பு மணம் வீசியது. சாயம் கலந்து செய்த சோதனை பின்னர் அதை உறுதிசெய்தது. லூவும் கீழே போய்த் தூ ஆற்றிலேயே கலந்துவிடுவதால், களவுபோன நீர் வீடு திரும்பிவிடுகிறது. இடைப்பட்ட ஊர்களின் பாடுதான் திண்டாட்டம். 2018ஆம் ஆண்டின் வறட்சியில் மேல் பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் ஆற்றுப் படுகை வெறும் கல்லாகக் கிடந்ததை இப்பகுதி மக்கள் இன்னும் பேசுகிறார்கள்.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். 1968 ஜனவரி 13 அன்று மூத்தில் பதிவான −36.7 டிகிரி செல்சியஸ், பிரான்சில் மக்கள் வாழும் ஓர் ஊரில் அதிகாரபூர்வமாக அளக்கப்பட்ட மிகக் குறைந்த வெப்பநிலை. ஊருக்குக் குட்டி சைபீரியா என்ற பட்டப்பெயர் நிலைத்ததற்கு அதுவே காரணம். இதைவிட இரு மடங்கு உயரத்தில் உள்ள ஆல்ப்ஸ் கிராமங்களில் ஏன் இவ்வளவு இறங்கவில்லை என்ற கேள்விக்கு விடை எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை, காரின் முகப்புப் பலகையில் கிடைத்தது. மாலை ஐந்தரை மணிக்கு, வானம் துடைத்துவிட்டது போல இருந்த வேளையில், காட்டு மேட்டிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே −6 என்று காட்டியது. முதல் வளைவில் −8. மரங்கள் விலகி வெளி தெரியத் தொடங்கிய இடத்தில் −11. தட்டையான தரையைத் தொட்டு, முதல் தெருவிளக்கைக் கடந்தபோது −17. ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை மனத்தில் வைத்திருந்த நான், இருநூறு மீட்டர்கூட இறங்கியிருக்க மாட்டேன். வெப்பநிலை பதினொரு டிகிரி குறைந்துவிட்டது.

நம் புவியியல் பாடநூல்கள் இதை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று சொல்லும். தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வையாக நின்று பாதியைத் திருப்பிக் கொடுத்திருக்கும். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, அடர்ந்து, கனத்து, சரிவின் வழியே கீழே வழிகிறது. பள்ளம் கண்ட இடத்தில் தண்ணீர் தேங்குவது போலவே குளிரும் தேங்குகிறது. மூத் பள்ளத்தாக்கு அகன்ற கிண்ணம் போன்றது. ஆறு வெளியேறும் வாய் குறுகலானது என்பதால், தேங்கிய குளிர் வடிய வழியில்லை. காற்று வீசினால் கலைந்துவிடும், ஆனால் இரு பக்க மேடுகளும் காற்றைத் தடுத்து நிற்கின்றன. இதற்கு மேல் தரையில் புதுப்பனி விழுந்திருந்தால் நிலத்துக்குள் எஞ்சியிருக்கும் சூடும் மேலே வராது. தெளிந்த வானம், காற்றில்லாத நீண்ட இரவு, தரையில் பனி, கிண்ண வடிவம் ஆகிய நான்கும் ஒரே இரவில் கூடினால் 1968 போன்ற ஒரு விடியல் வரும். ஒன்று குறைந்தாலும் மூத் சாதாரண மலைக்கிராமம்தான். நள்ளிரவில் மேகம் மூடினாலே சில மணி நேரத்தில் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடுவதும் உண்டு.

எல்லைக்கு அப்பால் இதற்கு ஓர் இரட்டை இருக்கிறது. நூஷாத்தெல் மாநிலத்தில் உள்ள லா பிரெவீன் என்ற சுவிஸ் ஊர், இதே ஜூராவின் இன்னொரு மடிப்பில், சுமார் 1,040 மீட்டர் உயரத்தில், இதே போன்ற மூடிய பள்ளத்தில் கிடக்கிறது. 1987 ஜனவரி 12 அன்று அங்கே பதிவான −41.8 டிகிரி சுவிட்சர்லாந்தின் சாதனை. அந்த ஊரையும் சைபீரியா என்றே அழைக்கிறார்கள். இரு நாடுகளின் குளிர்ச் சாதனைகளும் பனிமலைச் சிகரங்களை விட்டுவிட்டு, சுமாரான உயரமுள்ள இந்தப் புல்வெளிப் பள்ளங்களுக்கு வந்து சேர்ந்திருப்பது தற்செயல் அன்று.

இந்த இடத்தில் மொழி பற்றி ஒரு சொல். புல் நுனியில் நிற்கும் துளி, காலையில் படியும் வெண்ணுறைவு, வானிலிருந்து இறங்கும் வெண்பொதி மூன்றையும் தமிழில் பனி என்றே சொல்லிவிடுகிறோம். சமவெளியில் வாழ்ந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மூத்தைப் பற்றி எழுதும்போது அந்தச் சிக்கனம் தொல்லை தருகிறது, ஏனென்றால் இங்கே பனிப்பொழிவு குளிர்காலத்துக்கு உரியது, உறைபனியோ ஆண்டின் எந்த மாதத்திலும் வரலாம். ஜூலையில்கூட ஒரு தெளிந்த இரவுக்குப் பின் தோட்டத்து அவரைச்செடி கருகிக் கிடக்கலாம். அதே ஜூலையின் நண்பகலில் முப்பது டிகிரியைத் தொடவும் செய்யலாம். ஆண்டுச் சராசரி ஆறு டிகிரியை ஒட்டி இருக்கிறது. மேற்கிலிருந்து அட்லாண்டிக் ஈரத்தோடு வரும் காற்றுக்கு ஜூராதான் முதல் பெரிய தடை என்பதால், மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகின்றன.

இத்தகைய நிலத்தில் கோதுமையோ பழத்தோட்டமோ நம்பிப் பயிரிட முடியாது; புல் மட்டும் தழைத்து வளரும். புல்லைப் பாலாக்கலாம், பாலைக் கெட்டுப்போகாத பாலாடைக்கட்டியாக்கலாம் என்பதே இங்குள்ள பொருளாதாரத்தின் பழைய சூத்திரம். செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த மோன்பெலியார் மாடுகளின் பாலை, ஊர்க்காரர்கள் கூட்டுறவாக நடத்தும் பாலாடைக்கட்டிக் கூடத்தில் சேர்த்துக் கோம்தே என்ற பெரிய சக்கரங்களாக்குகிறார்கள். நாற்பது கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்கு நானூறு லிட்டருக்கு மேல் பால் வேண்டும். தனித்தனி வீட்டில் அவ்வளவு பால் சேராது என்பதால்தான் கூட்டுறவு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே கட்டாயமாயிற்று. 1958 முதல் இந்தப் பெயர் சட்டப் பாதுகாப்பு பெற்றது. மாட்டுக்குப் புளிக்கவைத்த தீவனம் கொடுக்கக் கூடாது, குறைந்தது 120 நாள் முதிர வேண்டும் என்பன போன்ற விதிகள் இன்றும் கண்டிப்பாக நடக்கின்றன.

எனக்கு அதைவிடப் பிடித்தது மோன்தோர். பெரிய சக்கரத்துக்குப் போதிய பால் இல்லாத குளிர்கால மாதங்களுக்கு உரிய சிறிய, இளகிய பாலாடைக்கட்டி அது. 700 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களின் பாலில், ஆகஸ்ட் 15 முதல் மார்ச் 15 வரை மட்டுமே செய்யலாம். இளகி வழிந்துவிடாதபடி ஸ்புரூஸ் மரத்தின் உட்பட்டையை நாடாவாக உரித்து இடுப்பைச் சுற்றிக் கட்டி, அதைவிடச் சற்றுச் சிறிய மரப்பெட்டிக்குள் அழுத்தி வைப்பதால், மேல்தோல் அலையலையாக மடிந்திருக்கும். பெட்டியோடு அடுப்பில் வைப்பார்கள். நடுவில் ஒரு குழி தோண்டி, பூண்டுப் பல்லைச் செருகி, கொஞ்சம் வெள்ளை வைன் ஊற்றி, அரைமணி நேரம் கழித்து எடுத்தால், வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் கரண்டியால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். மரப்பட்டையின் பிசின் மணம் அதில் ஏறியிருக்கும். வெளியே −17 இருந்த அந்த இரவில் விடுதியில் நான் இதைத்தான் சாப்பிட்டேன், கணக்குப் பார்க்காமல்.

பழைய பண்ணை வீடுகளும் குளிரின் கணக்குப்படி கட்டப்பட்டவை. மனிதர், மாடு, வைக்கோல் மூன்றும் ஒரே அகன்ற கூரைக்குக் கீழே; மாட்டின் சூடு வீட்டுக்கு, வைக்கோல் மெத்தை குளிருக்குத் தடை. மழையும் காற்றும் அறையும் பக்கச் சுவரின் மேல் சிறு மரச்சில்லுகளை மீன் செதில் போல அடுக்கி அறைந்திருப்பார்கள்.

மக்கள் எப்போது வந்தார்கள் என்பதற்கு ஒரு பெயர் கிடைக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வடக்குப் பிரான்சின் செல்வாக்கு மிக்க பிரபுவான சிமோன் தெ கிரேப்பி, பதவியையும் சொத்தையும் துறந்து, இன்று சேன்-குளோத் எனப்படும் ஜூரா மடத்தில் துறவியானார். சில தோழர்களோடு இந்தக் காட்டுக்குள் வந்து மரம் வெட்டி இடம் திருத்தினார் என்பது ஊரின் தொடக்கக் கதை. ஆட்சியைத் துறக்க நினைத்தவர் தேடிப்போகத் தக்க இடம்தான்.

பிரான்சின் மலைக்கிராமங்கள் பலவும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உச்சத்தைத் தொட்டு, பிறகு ஆலைக்கும் நகரத்துக்கும் ஆள் கொடுத்துக் காலியாகிப் போனவை. மத்திய மலைப்பகுதிகளில் இரண்டு கிழவர்களும் ஒரு பூட்டிய பள்ளிக்கூடமுமாக நிற்கும் ஊர்களை நானே பார்த்திருக்கிறேன். நாட்டிலேயே மிகக் குளிர்ந்தது என்ற பெயரை வைத்துக்கொண்டு மூத்தும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பத்தாயிரம் பேருக்குக் குறைந்த கொம்யூன்களில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வீடு வீடாக எண்ணுகிறார்கள். எல்லையோர ஊர்களில் அந்தக் கணக்கு ஏறுமுகமாகவே இருந்துவருகிறது. ஊருக்குள் நடந்தபோது புதிதாகக் கட்டிய வீடுகளின் தெரு ஒன்று முழுதாக எதிர்ப்பட்டது. வாசலில் குழந்தைகளின் பனிச்சறுக்கு வண்டிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

இந்த மாற்றத்துக்குப் பொறுப்பு காட்டுக்கு அந்தப்பக்கம், சுவிட்சர்லாந்தில் இருக்கும் ஜூ பள்ளத்தாக்கு. உலகின் விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள் பல உருவாகும் பட்டறைகள் அங்கே இருக்கின்றன. கூலி சுவிஸ் பிராங்கில், பிரான்சில் கிடைப்பதைப் போலப் பல சமயம் இரண்டு மடங்கு. நாட்டைவிட்டுக் குடிபெயராமல், காலையில் எல்லை தாண்டி மாலையில் வீடு திரும்புகிறவர்களை எல்லைத் தொழிலாளர் என்கிறார்கள். 1983ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, வோ, நூஷாத்தெல் உள்ளிட்ட எட்டு சுவிஸ் மாநிலங்களில் வேலை செய்யும் இவர்கள் வருமான வரியைப் பிரான்சில் கட்டுகிறார்கள்; மொத்தச் சம்பளத்தில் 4.5 விழுக்காட்டைப் பிரான்ஸ் சுவிட்சர்லாந்துக்கு ஈடாகத் தருகிறது. 2002ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஆள் நடமாட்டச் சுதந்திர உடன்பாடு இந்த ஓட்டத்தைப் பெருக்கியது.

நன்மை மட்டும் என்று சொல்ல மாட்டேன். சுவிஸ் சம்பளக்காரர் கொடுக்கக்கூடிய வீட்டு வாடகையைப் பிரெஞ்சுச் சம்பளத்தில் வாழும் ஆசிரியரோ ரொட்டிக்கடை ஊழியரோ கொடுக்க முடிவதில்லை; செவிலியர்கள் எல்லை தாண்டிப் போய்விடுவதால் இந்தப் பக்கத்து மருத்துவமனைகள் ஆளுக்குத் தவிக்கின்றன. பாலாடைக்கட்டிக் கடைக்காரப் பெண்மணி, தன் மகன் பால் தொழில் பயிற்சியை முடித்துவிட்டுக் கடிகாரப் பற்சக்கரங்களை மெருகேற்றப் போகிறான் என்று, பெருமையும் வருத்தமும் பிரித்தறிய முடியாத குரலில் சொன்னார்.

குளிரும் பழைய குளிராக இல்லை. தென்மேற்கே இதே ஜூராவில் உள்ள லமுராவிலிருந்து மூத் வரை காடுகளினூடே நடக்கும் திரான்ஸ்ஜுராசியென் என்ற நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பந்தயம் 1979 முதல் நடந்துவருகிறது. பிப்ரவரியில் போதிய பனி இல்லாமல் பந்தயத்தை ரத்து செய்ய நேர்ந்த ஆண்டுகள் இப்போது அரிதாக இல்லை. பக்கத்திலுள்ள மெத்தாபியே சறுக்குத் தலம், 2030க்கும் 2035க்கும் இடையில் மலைச்சரிவுப் பனிச்சறுக்கை நிறுத்த நேரும் என்று முன்கூட்டியே திட்டமிடத் தொடங்கிவிட்டது. 2018க்குப் பின் வந்த வறட்சிகளில் வலுவிழந்த ஸ்புரூஸ் மரங்களைப் பட்டைவண்டு தின்றுகொண்டிருக்கிறது. பச்சைச் சரிவில் துருப்பிடித்தது போன்ற திட்டுகள் தூரத்திலிருந்தே தெரிகின்றன. மோன்தோரின் இடுப்பில் கட்டும் நாடா அந்த மரத்திலிருந்துதான் வருகிறது.

மறுநாள் விடிவதற்கு முன்பே விழித்துவிட்டேன். ஐந்தேகால் மணி, கும்மிருட்டு. சாலையோரத்தில் பனியின் ஆழம் காட்ட நட்டிருந்த கம்புகளின் மேல் விளக்கொளி ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிச் சென்றது: பனிச்சக்கரம் பூட்டிய கார்கள், ஒவ்வொன்றிலும் ஒருவர், சுவிட்சர்லாந்தை நோக்கி. விடுதி வாசலில் தொங்கிய வெப்பமானியில் −21. உறைந்த கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இளைஞரிடம் கடும் குளிர் என்றேன். மேட்டின் மேல் ஏறிவிட்டால் −10தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, அவரும் வரிசையில் சேர்ந்துகொண்டார்.